நான்காவது அடுக்கு

முதல் அத்தியாயத்தில் காட்டிய பொருள் கடைசி அத்தியாயத்துக்குள் ஒரு வேலை செய்தாக வேண்டும் என்று ஆலிஸ் டீச்சர் வெள்ளைப் பலகையில் எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார். தினேஸ்வரி அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். பலகையில் கோடு கொஞ்சம் சாய்ந்திருந்தது. தானும் சாய்த்துப் போடுவதா, நேராகப் போடுவதா என்று யோசித்துவிட்டு ஸ்கேல் வைத்து நேராகவே போட்டாள். போட்ட பிறகு, சாய்த்தே போட்டிருக்கலாமோ என்று தோன்றியது.

ஈப்போ லிட்டல் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில், செவ்வாய்க்கிழமை தோறும் மாலை ஏழு மணிக்கு அந்த வகுப்பு நடந்தது. இளையோர் நாவல் எழுதக் கற்றுக்கொள்ள ஒன்பது பேர் வந்தார்கள். ஆலிஸ் டீச்சருக்கு முப்பத்து மூன்று வயது. பகலில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர். ஆண்டு இறுதியில் ஒன்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் புத்தகமாகப் போட அச்சகத்தாரைச் சம்மதிக்க வைத்திருந்தார்.

தினேஸ்வரியின் நாவலில் ஒரு நகரம் இருந்தது. அதைச் சுற்றி ஒரு சுவர். நகரத்து மக்கள் எல்லாருக்கும் மணிக்கட்டில் எண் உண்டு. பதினெட்டு வயதானவர்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போவார்கள், போனவர்கள் திரும்புவதில்லை. நாயகி மகிழினியின் அண்ணன் இனியனை முதல் அத்தியாயத்திலேயே அழைத்துப் போய்விடுகிறார்கள். அவன் கிளம்பும் காலையில் தாய்க்காரி நாலடுக்குக் கேரியரின் மேலடுக்கைக் கழற்றி, அதில் சோற்றை வைத்து மூடிக் கையில் கொடுக்கிறாள்.

"இந்த அடுக்கு ரொம்ப நல்ல முன்குறிப்பு, தினேஸ்வரி," என்றார் ஆலிஸ் டீச்சர். "மூணு அடுக்கோட அந்தக் கேரியர் வீட்டுல நிக்குதே, அதப் பாக்கும்போதெல்லாம் வாசகருக்கு நாலாவது எங்கேன்னு தோணும். கடைசில அது வரணும். வந்தே ஆகணும்."

"டீச்சர், முடிவ நான் சொல்லட்டா?" என்று பின் வரிசையிலிருந்து கோலின் கையைத் தூக்கினான். அவன் சாப்பாடு டெலிவரி ஓட்டுபவன். வகுப்பிலும் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்து அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் உட்காருவான். "அடுக்குக்கு அடியில மேப்பு கீறியிருக்கும். தங்கச்சிக்காரி அதப் பாத்து சுவத்தத் தாண்டுவா. ரெண்டு பையனுங்க அவள லவ் பண்ணுவானுங்க, ஒருத்தன் செத்துருவான். தலைவரு மாடியிலருந்து விழுவாரு. சுவரு இடியும். அப்புறம் 'பத்து ஆண்டுகளுக்குப் பின்'னு ஒரு பக்கம். பூந்தோட்டம், ரெண்டு புள்ள, அதுல ஒண்ணுக்குச் செத்தவன் பேரு. முடிஞ்சுச்சு லா."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார்.

"கிண்டல் பண்ணு. ஆனா பதினாலு வயசுப் பிள்ளைய முந்நூறு பக்கம் இருட்டுல நடக்க வச்சுட்டு, கடைசில லைட்டு போடாம விட முடியுமா?"

"போடலாம் டீச்சர். அதுக்குன்னு ஸ்டேடியத்துக்குப் போடுற மாதிரியா?"

தினேஸ்வரி இருவர் சொன்னதையும் எழுதிக்கொண்டாள். இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

அந்த அடுக்கு அவள் கற்பனை செய்த பொருள் அல்ல. மார்ச் பதினேழாம் தேதி காலையில் அவள் அண்ணன் கோகிலன், பேங்காக்கில் ஓர் அலுவலகத்தில் வேலை என்று சொல்லிக் கிளம்பினான். பஸ்ஸில் பசிக்குமே என்று அம்மா நல்லம்மாள் கேரியரின் மேலடுக்கில் புளிச்சோறும் அவித்த முட்டையும் வைத்துக் கொடுத்தாள். "பாத்திரத்த வுட்டுட்டு வந்துராத," என்றாள். "போம்மா, இதுக்குன்னே திரும்பி வாரேன்," என்று அவன் சிரித்தான்.

மே மாதம் பதினோரு விநாடிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. 'நல்லா இருக்கேன். இங்க லைன் இல்ல. அம்மாகிட்ட சொல்லு.' அதன் பிறகு அந்த எண் செத்துப்போனது. போலீஸ் ஸ்டேஷனில் புகாரை எழுதி வாங்கிக்கொண்டார்கள். எல்லைக்கு அப்பால் வேலி போட்ட கட்டடங்களில் இப்படிப் போன பிள்ளைகளை அடைத்து வைத்து, போனில் மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைக்கிறார்கள், உங்கள் அண்ணனும் அங்கே இருக்கலாம் என்றார் அதிகாரி. அன்றைய நாட்குறிப்பில் தினேஸ்வரி 'இருக்கலாம்' என்ற சொல்லைச் சுற்றிக் கட்டம் கட்டினாள்.

இப்போது நவம்பர்.

நாட்குறிப்பு பதினாறு வயதிலிருந்து எழுதுவது. எட்டு வருடத்தில் ஒரு நாளும் விட்டதில்லை. நேரம், வானிலை, சாப்பிட்டது, நடந்தது என்று வரிசை மாறாமல் வரும். கடைசி வரி எப்போதும் 'சந்தேகம்'. அன்று எதில் உறுதியில்லையோ அதை அங்கே எழுதுவாள். பெரும்பாலான நாள்களில் அதுதான் நீளமான வரியாக இருக்கும்.

வகுப்பில் முன்குறிப்பு என்ற பாடம் ஆகஸ்டில் தொடங்கியது. முதல் பாடம் முடிந்து வீட்டுக்கு வந்தவள், அண்ணன் போவதற்கு முந்தைய அறுபது நாள் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, மஞ்சள் மார்க்கரால் ஒவ்வொன்றாகத் தேடினாள். நல்ல கதையில் எந்தப் பெரிய சம்பவமும் சொல்லாமல் வராது என்று டீச்சர் சொல்லியிருந்தார். பதினோரு இடம் கிடைத்தது. ஜனவரி 28: கோகிலன் புதுச் சப்பாத்து வாங்கினான். பிப்ரவரி 9: கோகிலன் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டான். மார்ச் 2: வாசல் விளக்கை மாற்றச் சொன்னேன், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றான். நாவலில் இருந்தால் எல்லாமே முன்குறிப்புதான். மறுநாள் திரும்பப் படித்தபோது, பழைய சப்பாத்து கிழிந்திருந்ததும் அன்று மீன்குழம்பு நன்றாக இருந்ததும் நினைவுக்கு வந்தன. பதினொன்றையும் அடித்தாள்.

ஒரு வரிக்கு மட்டும் அவள் மஞ்சள் பூசவும் இல்லை, அடிக்கவும் இல்லை. மார்ச் 16, சந்தேகம்: 'அண்ணனுக்கு வந்த வேலைக் கடிதத்தில் கம்பெனி முகவரி இல்லை. போன் நம்பர் மட்டும். அப்படியும் இருக்குமோ?' அன்று மாலை கோகிலன் கடிதத்தைக் காட்டி, "எல்லாம் சரியா இருக்கான்னு பாரு, நீதான் எல்லாத்தயும் நோண்டி நோண்டிப் பாப்பியே," என்று கேட்டிருந்தான். "சரியா இருக்கு," என்றுதான் அவள் சொன்னாள். சந்தேகத்தைச் சந்தேகத்துக்கு உரிய இடத்தில் எழுதிவிட்டுப் படுத்துவிட்டாள்.

இதை நினைக்கும்போது அழுகை வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வரவில்லை. ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரத்த மாதிரிக் குழாய்களுக்குப் பெயரும் ஐசி அடையாள அட்டை எண்ணும் ஒட்டுவது அவள் வேலை. ஒரு நாளைக்கு நூற்று அறுபது குழாய். கை தானாக ஒட்டும். மார்ச்சுக்குப் பிறகு ஒரு குழாய்கூட மாறவில்லை என்று சூப்பர்வைசர் பாராட்டினார்.

வீடு ஏழாங்கட்டைத் தோட்டத்தில். ரப்பர்ப் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனை நிலத்தையும் வீட்டுத் திட்டத்துக்கு விற்றுவிட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருந்த முப்பத்திரண்டு குடும்பங்களுக்கும் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் ஆளுக்கொரு வீடு என்று பேசி முடிவாகியிருந்தது. குடும்பத்தில் யார் தோட்டத்தில் வேலை செய்தாரோ அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தொரு குடும்பம் போட்டாயிற்று. பாக்கி நல்லம்மாள். கடைசி நாள் வரும் ஞாயிறு மாலை ஐந்து மணி. அதற்குள் போடாவிட்டால் வீடு கிடையாது, லயத்தை எப்படியும் இடிப்பார்கள்.

கமிட்டித் தலைவர் மகேந்திரன் புதன்கிழமை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே கூப்பிட்டார்.

"அக்கா, ஒரு கையெழுத்துக்கா. கோயிலுக்குப் பத்து தடவ போறீங்க, பக்கத்து மண்டபத்துல போட்டுருக்கிற கையெழுத்து மேசைக்கு வர மாட்றீங்களே."

"நீங்க போங்க மகேந்திரன். புள்ள வந்து தேடுவான்."

"புள்ள வந்தா நான் சொல்ல மாட்டேனா?"

"நீங்களே அங்கதான குடிபோறீங்க?"

மகேந்திரன் மோட்டாரைக் கிளப்பினார். தினேஸ்வரியைப் பார்த்து, நீயாவது சொல்லேன் என்பதுபோல் தலையை அசைத்துவிட்டுப் போனார்.

தினேஸ்வரி பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். தவறு எங்கே தொடங்கியது என்றும் அவளுக்குத் தெரியும். நாவலை எழுத எழுத, ஒவ்வொரு ஞாயிறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாள். நல்லம்மாள் நன்றாகக் கேட்பாள். "சுவத்துக்கு அந்தப் பக்கம் என்னா இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டாள். "தெரியாதும்மா." "நீதான எழுதுற?" அடுக்கு வந்த இடத்தில் மட்டும் எதுவும் கேட்கவில்லை. அதனால்தான் தினேஸ்வரி வகுப்பில் படித்ததைச் சொன்னாள்: முன்னால் காட்டியது பின்னால் வந்தே ஆகணும், அதுதான் கதைக்கு விதி.

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு விதி இருந்தது. ஒரு வீட்டிலிருந்து குழம்போ பலகாரமோ வைத்து இன்னொரு வீட்டுக்குப் போன பாத்திரம் சும்மா திரும்பாது. ஒரு கை சீனியாவது, இரண்டு மிளகாயாவது அதில் வரும். கொடுத்தவர் போய்க் கேட்கக் கூடாது. கேட்டால் அசிங்கம். நாலு நாள் ஆகலாம், நாலு மாதம் ஆகலாம். பாத்திரம் தானாக வரும். கோகிலன் போனதிலிருந்து நல்லம்மாள் எவரிடமும் எதுவும் கேட்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குக்கூட மகள்தான் போனாள். இப்போது படித்தவர்கள் வகுப்பு வைத்துச் சொல்வதும் அதுவேதான் என்று ஆகிவிட்டது.

"ஒங்க டீச்சரே சொல்லிட்டாங்கல்ல?" என்றாள் புதன்கிழமை மாலை, மகேந்திரன் போன பிறகு. "மொதல்ல போனது கடைசில வரணும். எங்கேருந்து போச்சோ அங்கதான வரும். நாம அதுக்குள்ள எடத்த மாத்துனா?"

"அது கதைக்கும்மா."

"அப்ப நெசத்துக்கு என்னா விதி?"

அன்றைய நாட்குறிப்பில் சந்தேகம் என்ற இடத்தில் இந்தக் கேள்வியை எழுதினாள். கீழே எதுவும் எழுதத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்து வெளியே வந்தபோது, எதிர்க்கடையில் பார்சலுக்குக் காத்திருந்த கோலின் கையாட்டினான். "வா, தே குடி. ஆர்டர் வர எப்படியும் இருபது நிமிசம் ஆவும்." உட்கார்ந்தாள். நாவலின் முடிவைப் பற்றிப் பேசத்தான் தொடங்கினாள். ஆனால் வரிசையாகச் சொல்லிப் பழகியவளாதலால் மார்ச் பதினாறிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. முகவரி இல்லாத கடிதத்தையும் சொன்னாள். வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சொல்லி முடித்தாள்.

கோலின் ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டிருந்தான். "நான் செவ்வாக்கெழம வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்," என்றான்.

"பரவால்ல. நீங்க சொன்னது சரிதானே. அப்படித்தான எல்லாக் கதையும் முடியுது."

"முடியட்டுமே. எங்கம்மா சீரியல் பாக்குறப்போ வில்லி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாத்தான் எந்திரிச்சு எங்களுக்குச் சோறு போடுவாங்க. அவ தப்பிச்சுட்டா, போட்டுத் தின்னுங்கடான்னுருவாங்க. நானும் என் தம்பியும் பக்கத்துல குந்திக்கிட்டு, சாவுடி சாவுடின்னு வேண்டுவோம்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஆர்டர் வந்துருச்சு. வாரேன்," என்று எழுந்தான்.

வீட்டுக்கு மோட்டாரில் போகும் வழியெல்லாம் தினேஸ்வரி அந்தச் சோற்றைப் பற்றியே யோசித்தாள். கதை முடிந்தால் அம்மா எழுந்திருப்பாள்.

சனிக்கிழமை விடுமுறை. காலையில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை எழுதினாள். ஏற்கெனவே ஒரு முடிவு இருந்தது. அதற்கு 'அ' என்று பெயர் வைத்திருந்தாள். அதில் மகிழினி சுவரோரம் நிற்பதோடு கதை நின்றுவிடும். இது 'ஆ'. முதல் அத்தியாயத்தில் வந்த பொருள்களையெல்லாம் ஒரு தாளில் பட்டியலிட்டாள். அடுக்கு, மணிக்கட்டு எண், அடுத்த வீட்டு ரேடியோ, நொண்டி நாய். ஒவ்வொன்றாகக் கடைசிக்குக் கொண்டுவந்து பட்டியலில் டிக் போட்டாள். தலைவர் மாடியிலிருந்து விழுந்தார். சுவர் இடிந்தது. பழைய குடியிருப்பும் அதோடு போனது. மக்கள் உயரமான புதிய வீடுகளுக்குப் போனார்கள். ஒரு மாலையில் புதிய வீட்டுக் கதவு தட்டப்பட்டது. இனியன் நின்றான், கையில் அடுக்கு. மூடியைத் திறந்தால் உள்ளே சீனி.

பன்னிரண்டு பக்கம். எழுதும்போது அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. குழாய்களுக்கு ஒட்டுவதுபோல் கை தானாகப் போனது. ஒரு பெயர்கூட மாறவில்லை.

ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்ததும் நல்லம்மாள் தரையில் பழைய நாளிதழை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ள உட்கார்ந்தாள். "படி," என்றாள். கேரியர் அடுப்படி மேடையில் மூன்று அடுக்கோடு நின்றது. தினேஸ்வரி அதைப் பார்க்காத பக்கமாக உட்கார்ந்து படித்தாள்.

சுவர் இடிந்தபோது அம்மாவின் கை நிற்கவில்லை. புதிய வீட்டுக் கதவு தட்டப்பட்டபோது நின்றது. சீனி என்ற இடத்தில் ஒரு நெத்திலியைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். முடித்துவிட்டு தினேஸ்வரி தாள்களை அடுக்கி ஓரம் தட்டினாள்.

"நாயும் வந்துருச்சா?"

"வந்துருச்சும்மா."

"அது நொண்டியாச்சே. எப்படி மாடி ஏறுச்சு?"

"லிப்டு இருக்கும்மா."

"ம்." நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு. பழைய வூட்டத்தான் இடிச்சுட்டாங்களே. புது வூடு இதுதான்னு இவன் எப்படிக் கண்டுபுடிச்சான்?"

தினேஸ்வரி பட்டியலை எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் டிக் இருந்தது. இது அதில் இல்லவே இல்லை.

"யாராச்சும் சொல்லியிருப்பாங்க."

"யாரு? எல்லாரும்தான் எடம் மாறிட்டாங்க."

"அது... அவனுக்குத் தெரியும்மா. கதைதானே."

"கதன்னா? மொதல்லயே காட்டணும்னு நீதான சொன்ன. காட்டலியே. அட்டரஸ் இல்லாம எப்படி வருவான்?"

வீட்டுக்கு வெளியே யாரோ சாமான்களை லாரியில் ஏற்றும் சத்தம் கேட்டது. இரும்புக் கட்டில் எதிலோ இடித்தது. தினேஸ்வரி தாளின் ஓரத்தை மறுபடியும் தட்டினாள். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"அண்ணனுக்கு வந்த லெட்டர்லயும் அட்டரஸ் இல்லம்மா," என்றாள். "போறதுக்கு மொத நாளு காட்டுனான். நான் பாத்தேன். பாத்துட்டுச் சரியா இருக்குன்னு சொன்னேன்."

அம்மா ஏதாவது எறிவாள், அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்றும் ஓரளவு யோசித்து வைத்திருந்தாள். நல்லம்மாள் அடுத்த நெத்திலியை எடுத்தாள்.

"எங்கிட்டயும் காட்டுனான்," என்றாள். "எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா லெட்டரு, சூராட்டுன்னா மேல யாரு அனுப்புறா, எங்கேருந்து அனுப்புறான்னு இருக்கும்ல. முப்பது வருசம் ஆபீஸ் சூராட்டு எத்தன வாங்கியிருக்கேன். அதுல மேல வெறுசா இருந்துச்சு."

"நீ ஏம்மா சொல்லல?"

"நீ படிச்சவ, நீயே பாத்துட்டன்னு அவன் சொன்னான்." கிள்ளிய தலைகளை நாளிதழின் ஒரு மூலைக்கு ஒதுக்கினாள். "அப்புறம், புள்ள ஆசயா இருந்தான்."

இப்போது ஏதாவது உடையும் என்று தினேஸ்வரி காத்திருந்தாள். நெத்திலி வாடைதான் வந்தது. கூரையில் ஒரு காக்காய் நடந்தது.

"மணி என்னா?" என்று கேட்டாள் அம்மா.

"ரெண்டே முக்கால்."

"கையெழுத்துப் போட்டா ஒடனே வூட்டு நம்பரு குடுப்பாங்களா?"

"ஆமாம்மா. டின்னுல சீட்டு போட்டு வச்சிருக்காங்க. கையெழுத்துப் போட்டுட்டு எடுக்கணும்."

நல்லம்மாள் நாளிதழைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்தாள். கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். அலமாரியிலிருந்து ஐசியை எடுத்தாள். "நம்பரு தெரிஞ்சாத்தான எழுத முடியும்," என்றாள். எதை, எங்கே என்று தினேஸ்வரி கேட்கவில்லை.

கோயில் மண்டபத்தில் மகேந்திரன் மேசைக்குப் பின்னால் அரைத் தூக்கத்தில் இருந்தார். அம்மாவைப் பார்த்ததும் நாற்காலி பின்னால் சரிய எழுந்தார். "வாங்கக்கா, வாங்க. நீங்க வராததப் பாத்து, நாந்தான் தேதிய மாத்திச் சொல்லிட்டேனோன்னு பயந்துட்டேன்." நல்லம்மாள் தமிழில் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வோர் எழுத்துக்கும் பேனாவை எடுத்து எடுத்து வைத்தாள். பிஸ்கட் டின்னில் ஒரே ஒரு சீட்டுதான் மிச்சம் இருந்தது. அதையும் மகேந்திரன் முறைப்படி குலுக்கினார்.

சி பிளாக், நாலாவது மாடி, பதினோராம் எண்.

நாலு. தினேஸ்வரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாலாவது அடுக்கு போயிற்று. நாலாவது மாடி வந்திருக்கிறது. நாவலில் எழுதினால் ஆலிஸ் டீச்சர் இரண்டு கோடு போடுவார்.

"நாலாவது மாடியாம்மா," என்றாள் மெல்ல.

"எல்லாருக்குமே நாலாவது மாடிதான் லா," என்றார் மகேந்திரன். "ஏ பிளாக், பி பிளாக், சி பிளாக், எதுல எடுத்தாலும் நாலுதான். நாலுன்னா சீனவங்க வாங்க மாட்டாங்க, சாவு நம்பருன்னு. விக்காத மாடியெல்லாம் நமக்கு. ஒரு வகையில நல்லதுதான், தோட்டமே ஒரே மாடியில இருக்கும்."

நல்லம்மாள் சீட்டை மடிக்காமல் கையில் வைத்திருந்தாள். "கோயில இடிக்க மாட்டாங்கதான?"

"கோயில் நெலம் தனி. பேப்பர்ல எழுதி வாங்கியாச்சு. ஏன்?"

"திருவிழாவுக்கு அடிச்ச பெயிண்டு மிச்சம் இருக்கா?"

மகேந்திரன் தலையைச் சொறிந்தார். "கோயில் சுவத்துல அட்டரஸ் எழுதப் போறீங்களா? சாமிக்கும் சேத்துக் கரண்ட் பில்லு வந்துரப் போவுது." ஆனால் ஸ்டோருக்குப் போய் நீலப் பெயிண்ட் டின்னையும் முடி உதிர்ந்த ஒரு பிரஷையும் கொண்டுவந்தார். பின்சுவர் வேண்டாம், ரோட்டுப் பக்கமே எழுதுங்கள் என்று அவரே இடமும் காட்டினார்.

பால்மரக் காலத்தில் நல்லம்மாள் கொஞ்ச நாள் மரங்களுக்கு எண் போடும் வேலை பார்த்தவள். அது தினேஸ்வரிக்குக் கேள்விப்பட்ட செய்திதான். இன்றுதான் பார்த்தாள். அம்மா சுவருக்கு ஒரு கை தூரத்தில் கால்களை அகட்டி நின்று, பிரஷை டின் விளிம்பில் வழித்து, ஒரே இழுப்பில் எழுதினாள். தெருவின் பெயரையும் சி என்ற எழுத்தையும் சீட்டைப் பார்த்துப் படம் வரைவதுபோல் மெதுவாகப் போட்டாள். எண்கள் வந்ததும் கை வேகம் பிடித்தது. நாலுக்கு மேலே ஒரு சின்னக் கொம்பு. ஒன்றுக்குக் கீழே ஒரு கோடு. கடைசி ஒன்றிலிருந்து பெயிண்ட் வழிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள்.

"பேரு போடலியேக்கா," என்றார் மகேந்திரன்.

"எதுக்கு? எங் கையெழுத்து அவனுக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்து தினேஸ்வரி நாட்குறிப்பை எடுத்தாள். மாலை 5.40. மேகம், மழை இல்லை. மதியம் சோறு, கீரை, பருப்பு. அம்மா கையெழுத்துப் போட்டாள். சி-4-11.

பிறகு நாவலை எடுத்து 'ஆ'வைப் பிரித்தாள். முதல் அத்தியாயத்தில் யாராவது ஒரு சுவரில் எண் எழுதுவதாகச் சேர்த்துவிட்டால் அம்மா சொன்ன ஓட்டை அடைந்துவிடும். எங்கே சேர்ப்பது என்று மூன்று இடம் பார்த்தாள். மூன்றுமே பொருந்தின. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. கடைசி அத்தியாயத்தின் பன்னிரண்டு பக்கங்களையும் கிளிப் போட்டுத் தனியே வைத்தாள். முதல் அத்தியாயத்தில் அடுக்கு இருந்தபடியே இருந்தது. செவ்வாய்க்கிழமை டீச்சர் அது எங்கே என்று கேட்பார். கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அடுப்படியில் அம்மா சாமான் கட்டத் தொடங்கியிருந்தாள். கேரியரைத் தூக்கினாள். மூன்று அடுக்கோடு மூடினால் கொக்கி எட்டவில்லை. இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தாள். பிறகு மேலடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் எதையும் வைக்காமல், ராஃபியா கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள்.

தினேஸ்வரிக்கு இன்னும் கடைசி வரி பாக்கி இருந்தது. பால்மரங்களை வெட்டிய வருடத்தை எண்ணிப் பார்த்தாள். அப்போது கோகிலன் பிறந்திருக்கவில்லை. அதன் பிறகு அம்மா எண் எழுதி அவன் எங்கே பார்த்திருப்பான்? காலண்டரில் எழுதியிருக்கிறாளா? அரிசி டின்னில்? எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை.

சந்தேகம்: அண்ணன் அம்மாவின் கையெழுத்தைப் பார்த்திருக்கிறானா?

எழுதிவிட்டு, கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அம்மா கூப்பிட, எழுந்து போனாள்.